பட்டை போட்ட பாதம்

ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் காலை வைத்தால் முதலில் சில்லென்றிருக்கும்; பிறகு யாரோ இழுத்துக் கட்டுவதுபோலப் பாதத்தின் தோல் மெல்ல இறுகும், துவர்ப்பு வாசனை மூக்கில் ஏறும். எனக்கு எட்டு வயதான ஆண்டில், புரட்டாசிக்கு முந்தைய பதினைந்து நாளும் மாலையானால் எனக்கு அந்த வைபவம்தான் நடந்தது.

காரணம் அம்மாவின் வேண்டுதல். நான்கு வயதுவரை நான் நடக்கவில்லை. "இவ எழுந்து நடந்தா ஆம்பூர்லேர்ந்து உன் மலைக்கு இவ காலாலயே நடக்கவெச்சுக் கூட்டியாறேன், பெருமாளே" என்று அம்மா காசு முடிந்துவைத்துவிட்டாள். வழியில் ஓரடிகூட என்னை யாரும் தூக்கக் கூடாது, வண்டியில் ஏற்றக் கூடாது, செருப்பும் ஆகாது. அப்பாவோ தோல் பதனிடும் டேனரியில் பட்டைக் குழிக்குள் நின்று தோலை மிதிப்பவர். "பச்சைத் தோலே பட்டைத் தண்ணியில கெட்டியாவுது, புள்ள காலு ஆவாதா?" என்று குழித் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்துவிட்டார். அவரைத் தவிர வேறு யாருக்கு ஐயா இந்த யோசனை வரும்! என் பாதமும் கெட்டிப்பட்டது. தட்டினால் 'டொக்'கென்று சத்தம் வந்தது. தெருப் பிள்ளைகளிடம் தட்டிக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நடையில், வேலூர் தாண்டி மேல்விஷாரம் வந்தபோது, அந்தப் பெருமை அத்தனையும் வெடித்தது. இரண்டு குதிகாலிலும் விரல் நுழையும் பிளவு, ரத்தம். நான் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து அழ, அப்பா குனிந்து என்னைத் தூக்கப் போனார். "தூக்காதீங்க, வேண்டுதல்!" என்று அம்மா கத்தினாள். "அதுக்குன்னு புள்ளய சாவடிக்கிறதா?" என்று அப்பா கத்தினார். நான் இருவரையும் விட உரக்கக் கத்தினேன். நான்கு வருடம் அம்மா பொத்திவைத்த வாக்கு அந்த வாசலில் அறுந்துவிடும் போலிருந்தது.

சத்தம் கேட்டு உள்ளிருந்து வந்தார் ஆமினாம்மா. அம்மாவைவிடச் சற்று மூத்தவர். என் காலைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார். முகர்ந்ததும் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்பா, புள்ள காலுக்குப் பட்டை போட்டியா?"

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

"பட்டை போட்டியே, எண்ணெ போட்டியா?"

"நான் குழில நிக்கிறவன்மா. எண்ணெ போடறது அடுத்த கொட்டாய்ங்க."

ஆமினாம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் புருஷனும் அந்த ஊர் டேனரியில் 'அடுத்த கொட்டாய்' வேலைக்காரராம். குழியிலிருந்து வரும் தோலுக்கெல்லாம் எண்ணெய் தேய்ப்பவர். "எண்ணெ போடாட்டி மாட்டுத் தோலே அப்பளமாட்டம் நொறுங்கும், இது பூ மாதிரி இருக்கிற காலு! வேலைய பாதியில வுட்டுட்டு நடக்கவெச்சியே, மகராசா!" என்றார். அழுதுகொண்டிருந்த அம்மாவும் சிரித்துவிட்டாள்.

இரண்டு நாள் அவர் வீட்டிலேயே இருந்தோம். எங்கள் ஆசாரம் என்னவோ என்று அரிசி பருப்போடு புதுச் சட்டியும் கொடுத்தார். அம்மா சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "உங்க கொழம்பயே ஊத்துங்கக்கா, பேஜார் இன்னாத்துக்கு" என்றாள். காலையும் மாலையும் வெதுவெதுப்பான புங்க எண்ணெயை ஆமினாம்மா என் பாதத்தில் தேய்த்தார். பிளவு மூடிக்கொண்டது.

கிளம்பும்போது, ராணிப்பேட்டைக்குப் பட்டை ஏற்றிப்போன வண்டிக்காரரை நிறுத்தி, "இந்தப் புள்ள பின்னாடி நடந்து வருது, வழியில சொல்லிட்டுப் போ" என்றார். அந்த மனிதர் எப்படித்தான் சொன்னாரோ! பாலாற்று மணலைத் தாண்டி அக்கரை ஏறினால், "பட்டை போட்ட புள்ள வந்துட்டா!" என்று ஒரு கும்பல் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றது. சோளிங்கரில் விளக்கெண்ணெய், திருத்தணியில் நல்லெண்ணெய். நகரியில் பாஷை தெலுங்கானாலும் எண்ணெய் எண்ணெய்தான். முன்பின் தெரியாதவர்கள் தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் வைத்துத் தேய்த்தார்கள். கைம்மாறாக ஏதாவது கொடுக்க அம்மா முந்தானையைத் துழாவினால், "கூட ஒரு கோவிந்தா போடு, போதும்" என்பார்கள். எத்தனை கோவிந்தா போட்டேன் என்கிறீர்கள்! தொண்டை கட்டிவிட்டது, கால் கட்டவில்லை.

மலைப்படியில் கடைசிப் படியை நானே ஏறினேன். அம்மா அங்கேயே மண்டியிட்டு என் பாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விம்மினாள். அப்பா குனிந்து தடவிப் பார்த்து, "எண்ணெ கொஞ்சம் கம்மிதான்" என்றார்.

திரும்புகையில் லட்டோடு ஆமினாம்மா வீட்டுக்குப் போனோம். லட்டை வாங்குமுன் அவர் கேட்டது, "காலைக் காட்டு."

அவர் இருந்தவரை ஒவ்வொரு புரட்டாசியும் போய்க் காட்டினேன். பிறகு, ஆம்பூரில் சாலையோரமாக இருக்கும் என் வீட்டு வாசலில், புரட்டாசியானால் மலைக்கு நடக்கிறவர்களுக்காக நானும் ஒரு கிண்ணம் புங்க எண்ணெய் வைக்கத் தொடங்கினேன். முதலில் கிண்ணம் நாளுக்கு நான்கு முறை காலியாகும். இப்போது கோவிந்தா சத்தம் பேருந்து ஜன்னல் வழியாகக் கேட்டு, நான் எழுவதற்குள் போய்விடுகிறது. வெடித்த குதிகாலோடு நடந்துவருகிறவர்கள் இல்லை. இந்த வருடமும் சூடாக்கி வைத்தேன். பொழுது சாயும்வரை யாரும் வரவில்லை. எண்ணெயை வீணாக்குவானேன் என்று புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து, என் குதிகாலிலேயே தேய்த்துக்கொண்டேன்.