பிறந்த ஊர் கேட்டவள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், வடக்கு மூலையில், கோழித் தொழிற்சாலைகளும் தேவாலயங்களும் போட்டி போட்டுப் பெருகிய ஒரு மாவட்டம். அங்கே சிறைச்சாலையின் முன்மேஜையில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருந்தவள் டொரிண்டா பிக்கெட். பிடித்து வருகிறவர்களின் விவரங்களைப் படிவத்தில் எழுதுவது அவள் வேலை. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. குடித்துவிட்டு யார் வீட்டு வேலியையோ இடித்த சொந்தத் தம்பியிடமே "பெயர்?" என்று கேட்டவள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். 'பதில் சொல்ல மறுத்தார்' என்று எழுதினாள்.

மாவட்டக் காவலுக்கும் சிறைக்கும் தலைவரான ஷெரீப் ராய்ஸ் ஹாலக் மூன்றாம் முறை தேர்தலில் ஜெயித்ததும் ஒரு உத்தரவு போட்டார். வண்டியில் விளக்கு எரியாவிட்டாலும் சரி, தெருவில் குப்பை போட்டாலும் சரி, ஆளைச் சிறைக்குக் கொண்டுவர வேண்டும். பிறந்த ஊர் கேட்க வேண்டும். வெளிநாட்டுக்காரன், நாட்டில் தங்க அனுமதிக் காகிதம் கையில் இல்லை என்றால் நாற்பத்தெட்டு மணி நேரம் பூட்டி வைத்துக் குடியேற்றத் துறைக்குச் சொல்ல வேண்டும். மற்ற காவலர்கள் அதைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள். வாயில் நுழையாத பெயர்க்காரர்களிடம் மட்டும் கேட்டார்கள். டொரிண்டாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. உத்தரவில் 'ஒவ்வொருவரிடமும்' என்று இருந்தது. அவள் ஒவ்வொருவரிடமும் கேட்டாள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, ஊருக்குப் புதிதாக வந்த காவலன் ஒருவன் ஒரே ஏரிக்கரையிலிருந்து இரண்டு பேரைக் கொண்டுவந்தான். உரிமமில்லாமல் மீன் பிடித்தார்களாம். ஒருவன் அன்செல்மோ சோக், தொழிற்சாலையில் பதினோரு வருடமாகக் கோழி இறக்கை வெட்டுகிறவன். மற்றவர் கார்வின் டெய்ட். தேவாலயப் பாடகர் குழுவின் தலைவர். தேர்தலில் வீட்டுக்கு வீடு ஷெரீப்பின் 'சட்டம்னா சட்டம்' பலகையை அடித்தவர்.

"பிறந்த ஊர்?"

"குவாத்தமாலாங்கம்மா," என்றான் அன்செல்மோ. காகிதம் இல்லை என்று அவனே சொல்லிவிட்டான்.

"பிறந்த ஊர்?"

"ஏம்மா டொரிண்டா, என்னைத் தெரியாதா உனக்கு?" என்றார் கார்வின்.

"தெரியும். எங்க பொறந்தீங்கன்னு தெரியாது."

கார்வின் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டார். "கனடா. ரெண்டு வயசுல அம்மா தூக்கிட்டு வந்துட்டா. அப்புறம் யாரும் கேக்கவே இல்ல."

"காகிதம்?"

"அதான் சொல்றேனே, யாரும் கேக்கல."

டொரிண்டா இரண்டு படிவங்களிலும் ஒரே முத்திரையைக் குத்தினாள்.

அரை மணி நேரத்தில் ஷெரீப் ஓடி வந்தார். கார்வின் கம்பிக்குள்ளிருந்து கத்தினார்: "ராய்ஸ், மூணு தேர்தலா உனக்குத்தானடா ஓட்டுப் போட்டேன்!"

"ஐயோ, அதை மட்டும் வெளிய சொல்லித் தொலையாதே! குடியுரிமை இல்லாம ஓட்டுப் போட்டா அது வேற கேஸு!" ஷெரீப் மேஜைப் பக்கம் திரும்பினார். "டொரிண்டாம்மா, அந்தப் படிவத்தக் கிழிச்சுப் போடுங்க. அவன் அந்த மாதிரி ஆள் இல்ல."

"எந்த மாதிரி ஆள்னு எழுதக் கட்டம் இல்லையே சார். உத்தரவ மாத்திக் குடுங்க, விட்டுடறேன்."

ஷெரீப் நின்றபடியே உத்தரவின் அடியில் பேனாவால் எழுதினார்: 'மாவட்டத்தில் அறியப்பட்ட ஆளை, அவரை அறிந்த ஊழியர் ஒருவர் கையெழுத்திட்டு விடுவிக்கலாம்.' டொரிண்டா அதைச் சத்தமாகப் படித்துக் காட்டி, அதன் கீழ் அவர் கையெழுத்தையும் வாங்கினாள். ஷெரீப் கார்வினை அறிந்தவராகக் கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

வாசலுக்குப் போனவர் திரும்பிப் பார்த்தார். டொரிண்டா அடுத்த படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"அன்செல்மோவ விடறேன் சார்."

"அவன உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலைலேர்ந்து தெரியும். கேட்டதுக்கெல்லாம் ஒரே தடவைல பதில் சொன்னாரு. இந்த மேஜைல அப்படி ஒருத்தர நான் பாத்ததில்ல."

சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். இருபத்தாறு வருடத்தில் முதன்முறையாக அவள் எழுத்து கோணிப்போனது. அன்செல்மோ தூண்டிலைக் கேட்கக்கூட நிற்காமல் வெளியேறினான். அடுத்த வாரமே மனைவியோடு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டான் என்று தொழிற்சாலையில் பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை டொரிண்டாவை எதிர்க் கட்டடத்துக்கு மாற்றினார்கள், நாய்களுக்கு உரிமம் கொடுக்கிற வேலைக்கு. பேனாவால் எழுதிய வரி அன்று மாலையே நீக்கப்பட்டது. உத்தரவு மட்டும் அப்படியே இருந்தது.

பல ஞாயிறுகள் கார்வின் தேவாலயத்தில் அவள் முகத்தைப் பார்க்காமலே பாடினார். ஒரு நாள் வாகனங்கள் நிற்கும் இடத்தில் பக்கத்தில் வந்து, சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தக் குடியேற்ற விவகாரம் பாக்கற வக்கீல் யாராச்சும் தெரியுமா உனக்கு?"

டொரிண்டா ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தாள்.

"வெள்ளனே போங்க. அங்க வரிசை தெரு முனை வரைக்கும் நிக்கும்."