சனிக்கிழமைக்காரரின் ஊஞ்சல்

என் சித்திக்கு வரிசையாக ஆண்பிள்ளைகள், கடைசியில் ஒரே ஒரு பெண். அவளை எங்கள் சொந்தத்தில் எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவள் சின்னவள்தான். நான் பெரியம்மா மகள், அவளுக்கு அக்கா முறை. கூடப் பிறக்காவிட்டாலும், எதுவானாலும் அவள் முதலில் வந்து சொல்வது என்னிடம்தான்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. சலவை அறைக்குப் பக்கத்தில் ஒரு நீளமான அறை, ஒரு ஜன்னல், ஒரு தையல் மெஷின், சுவரோரம் மலை மாதிரி குவிந்த துணி. கிழிந்து வருகிற படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். மற்றவர்கள் ஒட்டுத்துணியைச் சதுரமாக வெட்டி நாலு பக்கமும் தையல் ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவள் மூலைகளை வளைத்து வெட்டி, வட்டமாக மடித்துத் தைப்பாள். "மூலை இருந்தா படுத்திருக்கிறவங்க முதுகுல உறுத்தும்கா" என்பாள். அங்கே இருக்கிற நர்சுகள் தடவிப் பார்த்தே தையலம்மா ஒட்டு என்று சொல்லிவிடுவார்கள்.

அவள் புருஷன் படகு மெக்கானிக். எதிரே இருக்கிற தீவுக்கு ஆள் ஏற்றிப் போகும் படகின் எஞ்சின் அவர் பொறுப்பு. அந்தத் தீவு இவர்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே தெரியும். காலையில் துணி காயப்போடப் போனால் பச்சையாக இருக்கும், சாயங்காலம் எடுக்கப் போனால் கறுத்துக் கிடக்கும். கல்யாணமான புதிதில் ஆசையாகக் கேட்டிருக்கிறாள், ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள் என்று.

"அங்க என்ன இருக்கு? கல்லும் கொசுவும்தான். குடிக்கிற தண்ணியே உப்புக் கரிக்கும். அறை வாடகையைக் கேட்டா நமக்கு மயக்கம் வந்துரும். பணக்காரன் போய்ப் படுத்துக்கிற இடம் அது."

"உங்க படகுதானே போகுது?"

"எஞ்சின்தான் என் பொறுப்பு. சீட்டு முதலாளியோடது."

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. ஆனால் மாடியில் துணி உதறும்போது கண் அந்தப் பக்கம் போகாமல் இருந்ததில்லை. அதை நானே பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை பகலில் போகிற படகு ஞாயிறு மதியம்தான் திரும்பும். இடையில் எஞ்சினைப் பிரித்துப் போட்டு வேலை பார்க்க வேண்டும், கண் மூட நேரமிருக்காது என்பார். வீட்டுக்கு வரும்போது தோளிலிருந்து வயிறு வரைக்கும் சட்டையில் ஆயில் அப்பியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் பிள்ளைகள் மூச்சு விடக் கூடாது, ரேடியோ பாடக் கூடாது. "அப்பா எஞ்சினோட மல்லுக்கட்டிட்டு வந்திருக்காரு, சத்தம் போட்டீங்க, தோலை உரிச்சிருவேன்" என்பாள். நடுத்துண்டு மீன் அவருக்கு. சாப்பிட்டு முடித்ததும் முதுகுக்குத் தைலம். மறுநாள் காலையில் அந்தச் சட்டையோடு இவள் மல்லுக்கட்டுவாள். மண்ணெண்ணெய் தொட்டு, சோப்புப் போட்டு, கல்லில் தேய்த்து, மறுபடியும் சோப்பு. நகக்கண்ணில் ஏறின ஆயில் ஆஸ்பத்திரி வெள்ளைத் துணியில் பட்டுவிடக் கூடாதே என்று எலுமிச்சைத் தோலால் விரலைத் தேய்த்துக்கொண்டு வேலைக்கு ஓடுவாள்.

பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடிந்து வீடு காலியான பிறகு, ஒரு நர்சு பேச்சுவாக்கில் சொன்னாளாம். மழை ஓய்ந்த கையோடு போனால் தீவில் கூட்டமே இருக்காது, கரைப்பக்கம் சின்னச் சின்ன அறைகளைப் பாதி வாடகைக்குக் கொடுப்பார்கள், அரிசி பருப்பு கையில் கொண்டு போனால் அடுப்பும் கொடுப்பார்கள், நம்மைப் போன்றவர்களும் தாராளமாகப் போய்வரலாம் என்று. அன்றைக்கே சின்னவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அவருக்குத் தெரியாம கெளம்புவோம்."

"ஏன்டி, இந்த வயசுல ஓடிப்போற ஆசையா?"

"கேலி பண்ணாம கேளு. வெள்ளிக்கிழமையே சரக்குப் படகுல போயிருவோம். மறுநாள் அவரு வந்து எஞ்சினுக்கு அடியில கெடப்பாருல்ல? சூடா சோறும் மீன் குழம்பும் கொண்டு போய் நீட்டணும். எத்தனை வருஷமா அங்க பட்டினியும் பாதியுமா வேலை பாக்குறாரோ. அந்த மூஞ்சி எப்படி ஆகுதுன்னு நான் பாக்கணும்."

அவரிடம் என் வீட்டில் இரண்டு நாள் தங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனோம். நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். "கயித்த விடுக்கா, கடல் எங்கயும் ஓடிப் போயிராது" என்று அவள் சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்துப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

தீவு நன்றாக இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு நன்றாக இருந்தது. மாவு மாதிரி மணல். கரையோரம் சாய்ந்து நிற்கிற தென்னை. அறையில் இரண்டு கட்டில், ஒரு வாளி, கடலைப் பார்த்த ஜன்னல். கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சின்னவள் என்னைப் பார்த்தாள். "இனிக்குதேக்கா. கரிக்கும்னாரே?"

பிறகு அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். "அவரு வேலை பாக்கிறது படகுத்துறைப் பக்கம். இந்தப் பக்கத்தையெல்லாம் எங்க பாத்திருக்கப் போறாரு, பாவம்."

மேட்டில் ஏறித் தீவைச் சுற்றி வந்தோம். மேட்டிலிருந்து பார்த்தால் எங்கள் ஊர் ஒரு சாம்பல் கோடு. அதில் தன் வீட்டு மாடி எதுவென்று தேடினாள். பாறை இடுக்கில் தேங்கின தண்ணீரில் விரல்நீள மீன்கள் ஓடின. காலை நனைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். சும்மா உட்கார்ந்திருந்தபோதும் அவள் விரல்கள் மடியில் துணி மடிப்பது போலவே அசைந்துகொண்டிருந்தன. "கையைச் சும்மா வையேன்டி" என்றேன். "அதுக்குத் தெரிய மாட்டேங்குதுக்கா" என்றாள்.

பொழுது சாய அறைக்குத் திரும்பினோம். முற்றத்தில் இரண்டு தென்னைக்கு நடுவே ஒரு வலை ஊஞ்சல் கட்டியிருந்தது, ஆள் நீட்டிப் படுக்கிற மாதிரி. சின்னவள் ஆசையாகப் போய் அதைத் தொட்டாள். உள்ளே ஒரு தலையணை கிடந்தது. அதை எடுத்துத் திருப்பினவள் அப்படியே நின்றுவிட்டாள். உறையில் ஓர் ஒட்டு. மூலையெல்லாம் வட்டமாக வளைத்துத் தைத்த ஒட்டு.

எஞ்சினுக்கு அடியில் தலைக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டதற்காகத் தைத்துக் கொடுத்த தலையணை அது. ஆயிலில் ஊறி வீணாய்ப் போய்விட்டது, கடலில் வீசிவிட்டேன் என்று சொல்லியிருந்தார். இதில் ஒரு சொட்டு ஆயில் இல்லை.

அறைக்குச் சொந்தக்காரம்மா அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள். "அதுல மட்டும் படுத்துராதீங்கம்மா. அது சனிக்கிழமைக்காரர் ஊஞ்சல்."

"அது யாரு?" என்று நான்தான் கேட்டேன்.

"படகு மெக்கானிக்கு. சனிக்கிழமை தவறாம வருவாரு. மீனைத் திம்பாரு, அதுல சாஞ்சாருன்னா மறுநாள்தான் எந்திரிப்பாரு."

"அப்ப எஞ்சின் வேலை?"

"என்ன எஞ்சின் வேலை? புது எஞ்சின் வெச்சு எவ்வளவு காலமாச்சு. எஞ்சினும் நல்லா இருக்கு, அவரு அதவிட நல்லா இருக்காரு." அந்தம்மா சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். "ஒரு கூத்து கேளுங்க. கொல்லையில ஒரு டப்பாவுல பழைய ஆயில் வெச்சிருக்காரு. கெளம்புறப்ப அதை எடுத்துச் சட்டையில தேய்ச்சுக்குவாரு. ஏன் சாமி இப்படின்னு கேட்டா, வீட்டுல மரியாதை வேணாமாங்கிறாரு!"

நான் சின்னவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவள் மெதுவாகக் கேட்டாள். "கூட யாராவது வருவாங்களா?"

"சீச்சீ, தங்கமான மனுஷன். தனியாத்தான் வருவாரு. கூட்டிட்டு வரக் கூடாதான்னு நானே கேட்டிருக்கேன். பொண்டாட்டிக்குக் கடலே ஆகாதாம்."

சின்னவள் தலையணையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அறைக்குள் போனாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அழவில்லை. நான்தான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன். "பொம்பள விவகாரம் ஒண்ணும் இல்லையேடி. அந்த மட்டும் சந்தோஷப்படு."

"இருந்திருந்தா அவளையாவது திட்டியிருப்பேன். இப்ப யாரைத் திட்ட? தென்னமரத்தையா?" விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டே சொன்னாள். "எனக்கு ஒருநாள் தனியா சாஞ்சு கெடக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே சோறு கட்டிக் குடுத்து அனுப்பியிருப்பேனேக்கா. அந்த ஆயிலைத் தேய்ச்சாரு பாரு. அது என் கைதானே கழுவும்னு தெரிஞ்சேதானே தேய்ச்சாரு?"

விடிந்ததும், ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றேன். வேண்டாம் என்றாள். குளித்து, அவர் எதிரில் உடுத்த வேண்டும் என்று எடுத்து வந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, போய் அந்த ஊஞ்சலில் காலை நீட்டிப் படுத்தாள். சொந்தக்காரம்மா பதறினாள். "அவரு வந்தா நான் சொல்லிக்கிறேம்மா" என்றாள் இவள்.

படகு வந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையில், தோளில் துண்டோடு, சீட்டி அடித்துக்கொண்டு வந்தார். படலைத் திறக்கும்போதே, "இன்னைக்கு என்ன மீனு?" என்று சத்தம் போட்டார். முதலில் கண்ணில் பட்டது நான்தான்.

"அண்ணி... நீங்க எங்க இங்க?"

நான் ஊஞ்சல் பக்கம் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

சின்னவள் எழுந்திருக்கவில்லை. "வாங்க. எஞ்சின் எப்படி இருக்கு?"

அவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். மீன் தட்டோடு வந்த சொந்தக்காரம்மா, "இவங்களைத் தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"நான்தாம்மா அந்தக் கடல் ஆகாத பொண்டாட்டி" என்றாள் சின்னவள்.

அந்தம்மா தட்டை மணலிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் நின்றபடியே பேசினார். உட்கார அவருக்கு அங்கே வேறு இடமில்லை. "மொதல்ல நெஜமாவே வேலைதான். புது எஞ்சின் வந்ததுக்கு அப்புறம்... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சொன்னா போகாதேன்னு தடுத்திருவியோன்னு..."

"நான் எதுக்காவது உங்களைப் போகாதேன்னு சொல்லியிருக்கேனா? யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். பிறகு குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில், "இனிமே சேர்ந்தே வருவோம். எல்லாச் சனிக்கிழமையும்" என்றார்.

"எதுக்கு? நீங்க சொன்னது சரிதான். கல்லும் கொசுவும்தான் இருக்கு."

ஞாயிறு அவர் படகிலேயே திரும்பினோம். ஏறும்போது படகில் வேலை செய்கிற ஒருவன், "என்னண்ணே, இன்னைக்குச் சட்டை சுத்தமா இருக்கு?" என்று சிரித்தான். அவர் எஞ்சின் பக்கம் போய் நின்றுகொண்டார். சின்னவள் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, தீவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வந்தாள். மறுநாள் அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், தலைக்கு ஒன்றுமில்லாமல் கிடந்த யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

பிள்ளைகளிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கப்பா மாதிரி உழைத்த மனுஷன் உண்டா என்று மகள்கள் இன்றைக்கும் பெருமை பேசுவார்கள். அப்போதெல்லாம் இவளுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறார். தீவுக்குப் போவோமா என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். இவள் போகவில்லை. மாடியில் துணிக்கொடியைக்கூட மாற்றிக் கட்டிவிட்டாள், தெருவைப் பார்த்து நின்று காயப்போடுகிற மாதிரி. இப்போது அவருக்கு வயசான முதுகு. தைலம் இவள்தான் தேய்த்து விடுகிறாள். போன வாரம் நான் போயிருந்தபோதும், புட்டியைத் திறந்து கையில் ஊற்றிக்கொண்டு, தேய்க்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"நெஜமாவே வலிக்குதா?" என்று கேட்டாள்.

முன்பெல்லாம் அவள் கேட்டதே கிடையாது.