பதினான்கு நாள் பிரிவுக்கு ஒரு நீலத் தாள்

1. குடையும் தாளும்

சனிக்கிழமை காலை ஒன்பது இருபது. ஆபீஸ் ஷட்டரை உயர்த்த வந்தபோது நான் முதலில் பார்த்தது ஒரு கறுப்புக் குடை. மழையில்லாத ஜனவரி மாதம். குடைத் துணியில் வெள்ளைப் பெயின்டால், ஆங்கில எழுத்தில், 'பி. பழனிவேல், ஸ்டோர்ஸ்' என்று எழுதியிருந்தது. அதைப் பிடித்திருந்தவர் பழனிவேல், தேஹு ரோடு ராணுவ டெப்போவில் ஸ்டோர்கீப்பர். அவருக்குப் பின்னால் மனைவி காந்திமதியும் மகள் செல்வியும் நின்றார்கள். தூதரகத்தில் விசா இன்டர்வியூ முடித்து வந்திருந்த செல்வியின் கையில் ஒரு நீலத் தாள் இருந்தது.

விசா கிடைத்தவர்கள் கையில் தாள் இருக்காது. பாஸ்போர்ட்டை எல்லோரிடமும் அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டு, விசா கிடைத்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவார்கள். நீலத் தாள் என்றால் கேஸ் நிற்கிறது என்று அர்த்தம்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. புனேயில் கேம்ப் என்ற பகுதியில் ஒரு பேக்கரிக்கு மேலே எங்கள் ஆபீஸ். விசா ஃபார்ம் நிரப்புவது, அஃபிடவிட் தயாரிப்பது, இன்டர்வியூவுக்கு ஆளைப் பழக்குவது எங்கள் தொழில். நடத்தியவர் சேது சார், ராணுவ அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அதற்கு முன் ஆறு வருடம் ஒரு ஆங்கில நாளிதழில் சப்-எடிட்டர். பத்திரிகை மூடப்பட்டதும் இங்கே வந்தேன். இந்தத் தொழிலில் புதிதாக நுழைபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த நாட்டுத் தூதரகம் என்பது இதற்கு முக்கியமில்லை.

செல்வியின் கணவர் ரவி புனே பக்கத்துத் தாபோடிப் பையன். வெளிநாட்டில் படித்து, வேலை பார்த்து, அங்கேயே குடியுரிமை வாங்கியவர். பதினெட்டு மாதம் முன்னால், ஆனி மாதக் கடைசியில் கல்யாணம். அதற்குப் பின் அவர் இங்கே இருந்தது இருபத்திரண்டு நாள்.

"என்னம்மா கேட்டாங்க?" என்றேன்.

செல்வி தேஹு ரோடிலேயே பிறந்தவள். தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும், நடுவில் இந்தி விழும். "சப் டீக் தான் ஆண்ட்டி, எல்லாம் சரியாத்தான் போச்சு. ஆல்பம் பாத்தார், லெட்டர் பாத்தார். அப்புறம், கல்யாணத்துக்குப் பின்னாடி எத்தனை நாள் சேர்ந்து இருந்தீங்கன்னு கேட்டார். எட்டு நாள்னு சொன்னேன். பாக்கிப் பதினாலு நாள் எங்க இருந்தேன்னார். அம்மா வீட்லன்னேன். புருஷன்? தாபோடில. எவ்ளோ தூரம்? லோக்கல் ட்ரெயின்ல அரை மணி கூட இல்ல. அப்ப ஏன் சேர்ந்து இருக்கலன்னு கேட்டார். ஆடின்னு சொன்னேன். அது எப்படி ஆண்ட்டி இங்கிலீஷ்ல சொல்றது? 'கல்யாணம் ஆன ரெண்டு பேரப் பிரிச்சு வைக்கறது ஒரு வழக்கமா?'ன்னு கேட்டுட்டு, ஏதோ எழுதினார்."

"நான் மட்டும் உள்ள போயிருந்தா நாலு வார்த்த கேட்டிருப்பேன்," என்றார் பழனிவேல்.

"கிழிச்சீய," என்றார் காந்திமதி. "வாசல்ல செக்யூரிட்டிக்காரன் குடைய வெளிய வையின்னதுக்கே பல்லக் காட்டிக்கிட்டு நின்னீய."

தாளில் இரண்டு வரி. திருமணம் உண்மையானது என்பதற்குக் கூடுதல் ஆதாரம் தேவை. அதுவரை விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது.

எனக்குக் கோபம் வந்தது. அந்த ஆபீசர் மேல் வந்த கோபம் சுலபமானது. பன்னிரண்டு நிமிஷத்தில் ஒரு கல்யாணத்தை எடை போடும் அதிகாரம் அவருக்கு இருந்தது, ஒரு மாதத்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமை இல்லை. ஆனால் அதிகக் கோபம் என் மேல்தான். இன்டர்வியூவுக்கு நான் தயாரித்து வைத்திருந்த பட்டியலில் அறுபத்திரண்டு கேள்விகள். கணவருக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்பது வரை உண்டு. செல்வியை இரண்டு முறை அதில் ஓட்டியிருந்தேன். ஆடி அதில் இல்லை. என் தலை ஆடியை நானே கிர்க்கியில் அம்மா வீட்டில் கழித்தவள். ஆடிக்குப் பெண்ணை அழைத்து வருவது எனக்கு ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை.

கேஸ் நின்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். விசாவுக்கான மெடிக்கல் பரிசோதனை ஆறு மாதம்தான் செல்லும். ஜூலை இருபத்தேழுக்குள் விசா வந்து, செல்வி அங்கே போய் இறங்கியிருக்க வேண்டும். தவறினால் எல்லாம் முதலிலிருந்து. விசா நிச்சயம் என்று எல்லோரும் சொன்னதால் அவள் பள்ளிக்கூட வேலையை டிசம்பரிலேயே விட்டிருந்தாள்.

2. சாரின் மசாலா

சேது சார் தாளைப் படித்தார். அவருக்கு இரண்டு யோசனைகள் இருந்தன.

"மேடம், பேப்பர்ல மசாலா கம்மியா இருந்தா சாஹிப் சாப்பிட மாட்டான். நம்ம ஸ்டூடியோக்காரன்கிட்ட சொல்லி ரெண்டு பேர் போட்டோவையும் ஒட்டி, ஹனிமூன் போன மாதிரி மகாபலேஷ்வர்ல நிக்க வச்சிடலாம்."

"அது ஃப்ராட் சார். கண்டுபிடிச்சா இந்தப் பொண்ணு ஆயுசுக்கும் அந்த நாட்டுக்குப் போக முடியாது."

"ஃப்ராட்னு ஏன் சொல்றீங்க? சப்போர்ட்டிங் டாக்குமென்ட்னு சொல்லுங்க."

நான் மறுத்தேன். அதனால் இரண்டாவது யோசனை: பெண்ணின் அப்பா சத்தியம் செய்து ஓர் அஃபிடவிட் கொடுப்பது. ஆடியில் புதுத் தம்பதியைப் பிரித்து வைப்பது எங்கள் வழக்கம், சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்று பெரியவர்கள் அஞ்சியதால் வந்தது, அதை நான் என் வீட்டில் கடைப்பிடித்தேன் என்று. இது உண்மை என்பதால் நானே டைப் செய்தேன். சார் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "அந்தப் பதினான்கு நாட்களில் அவர்கள் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை."

"இது தேவையா சார்?"

"கஸ்டம்னா ஸ்ட்ராங்கா இருக்கணும் மேடம். என்ன பழனிவேல், சந்திச்சாங்களா?"

பழனிவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் வீட்லயா? பேச்சே கெடையாது. மாப்ள போன் பண்ணாக்கூட நாந்தான் எடுப்பேன்."

செல்வி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் கவனித்தேன். கவனித்தும் அந்த வரியை டைப் செய்தேன். கீழே நோட்டரியிடம் போய்க் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வந்தார்கள்.

3. கடக்வாஸ்லா

கூரியர் திங்கட்கிழமை போக வேண்டும். அன்று காலை செல்வி தனியாக வந்தாள்.

"ஆண்ட்டி, அந்தப் பேப்பர் போயிடுச்சா?"

"இல்ல. ஏன்?"

கைப்பையிலிருந்து ஒரு பழைய பாடப் புத்தகத்தை எடுத்தாள். அதற்குள் ஒரு போட்டோ. கடக்வாஸ்லா அணைக்கரை. நல்ல மழை. ரவியும் செல்வியும் ஆளுக்கொரு சுட்ட சோளத்தோடு ஒரே குடையின் கீழ் நிற்கிறார்கள். எடுத்தவரின் கட்டைவிரல் ஒரு மூலையை மறைத்திருந்தது. சோளம் விற்ற அம்மாதான் எடுத்தாராம். கீழே வலது ஓரத்தில், கேமராவே அச்சடித்த ஆரஞ்சு நிறத் தேதி. ஆடி பிறந்து ஆறாம் நாள்.

"எத்தனை தடவை?"

"மூணு. ஸ்கூல்ல ஹாஃப் டே போட்டுட்டு, ஸ்வார்கேட்ல இருந்து பஸ்ல போனோம். அந்தப் பக்கம் நம்ம ஆளுங்க யாரும் வர மாட்டாங்க. மத்லப், அப்பாவுக்குத் தெரிஞ்சா..."

"இதை அந்த ஆபீசர்கிட்ட ஏன் சொல்லல?"

"அப்பா வெளிய நின்னாங்க ஆண்ட்டி. வெளிய வந்ததும் என்ன கேட்டான், என்ன சொன்னேன்னு எல்லாம் கேப்பாங்களே."

அவ்வளவுதான் காரணம். தெருவில் நின்ற அப்பாவுக்குப் பயந்து கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரியிடம் பாதி உண்மை சொல்லியிருந்தாள்.

சார் போட்டோவைப் பார்த்துவிட்டு, "உள்ள வைங்க. ஒரு கல்யாணத்துக்கு ஒரு கதை போதும்," என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அந்த ஒரு வரியைச் சேர்த்தது நீங்க, டைப் அடிச்சது நான். பொய்ச் சத்தியத்துல பழனிவேல் பேரு இருக்கு, நம்ம பேரு இல்ல," என்றேன். சார் டீ சொல்லி அனுப்பினார். அது அவர் பின்வாங்கும் முறை.

பத்திரிகையில் எங்களுக்கு ஒரு விதி இருந்தது. ஒரே ஆதாரம் இருந்தால் அது செய்தி ஆகாது. செல்வியின் பள்ளிக்கூடத்துக்கு நானே போனேன். தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டைப் புரட்டி, மூன்று அரை நாள் விடுப்புக்கும் சான்று எழுதிக் கொடுத்தார். அதில் ஒன்று போட்டோவில் இருந்த தேதி.

மிச்சம் இருந்தது பழனிவேல். மாலை டெப்போ விட்டு மனைவியோடு வந்தார். செல்வி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். போட்டோவை மேஜையில் வைத்தேன்.

அதில் முதலில் மகளைப் பார்த்தார், அடுத்து மருமகனை, அதன் பின் அவர்களுக்கு மேலே.

"இது என் குடைல்லா."

துணியில் வெள்ளை எழுத்து மழையிலும் தெளிவாகத் தெரிந்தது. அவர் வீட்டில் இருந்த எல்லாக் குடையிலும் பெயர் எழுதி வைப்பவர்.

"ஏளா, பொய்ச் சத்தியம் பண்ண வச்சிட்டியே! ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கேன். சர்க்கார் உத்தியோகம் பாக்கவன் நான்."

"அவளை ஏன் வையுதீய?" என்றார் காந்திமதி. "மழை கொட்டுது, நனையாமப் போன்னு கொடைய எடுத்துக் குடுத்தது நாந்தான்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? ஸ்கூலுக்குப் போறவ பட்டுப் பாவாடைத் துணில தச்ச ஜாக்கெட்ட போட்டுக்கிட்டுப் போவாளா? உங்களுக்குத்தான் டெப்போல எத்தன போல்ட்டு எத்தன நட்டுன்னு தெரியும். வீட்ல ஒண்ணும் தெரியாது."

அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். கீழே பேக்கரியில் பிஸ்கட் தட்டு இறக்கும் சத்தம் கேட்டது.

"இதுல எதை அனுப்பட்டும் சார்?" என்று பழனிவேலைக் கேட்டேன். "ரெண்டையும் சேர்த்து அனுப்ப முடியாது."

திரும்பி வந்து அஃபிடவிட்டை எடுத்தார். நான்காகக் கிழித்தார். துண்டுகளைக் குப்பையில் போடவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அவளயே எழுதித் தரச் சொல்லுங்க," என்றார். "நான் கீழ நிக்கேன்."

செல்வி தன் கையெழுத்திலேயே ஒன்றரைப் பக்கம் எழுதினாள். ஆடி என்றால் என்ன, அப்பா ஏன் அழைத்து வந்தார், தான் ஏன் மூன்று முறை கடக்வாஸ்லா போனாள், இன்டர்வியூவில் ஏன் சொல்லவில்லை. நான் ஒரு வார்த்தையும் திருத்தவில்லை.

4. செவ்வாய்க்கிழமை ஃபேக்ஸ்

அதையும் போட்டோவையும் பள்ளிச் சான்றையும் கூரியரில் அனுப்பியது பிப்ரவரியில். பிறகு ஐந்து மாதம் பதில் இல்லை.

செவ்வாய் தோறும் ஒரு ஃபேக்ஸ் அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது என்று இயந்திரம் துப்பும் சீட்டை ஃபைலில் ஒட்டினேன். போன் செய்தால் பதிவு செய்த குரல், பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லும். மார்ச்சிலும் அதே குரல், மே மாதத்திலும் அதே குரல். மறுப்பதாக இருந்தால் மறுத்திருக்கலாம். அப்போது எதிர்த்து எழுத ஒரு தாளாவது கையில் இருக்கும். பரிசீலனை என்ற சொல்லை எதிர்த்து எதையும் எழுத முடியாது. அந்தக் கட்டடத்துக்குள் யாரோ ஒருவருடைய மேஜையில் அந்த ஒன்றரைப் பக்கம் கிடந்தது. அதை எடுத்துப் படிக்க ஐந்து நிமிஷம் போதும்.

செல்வியின் வேலைக்குப் பள்ளிக்கூடம் வேறு ஆள் போட்டது. குவார்ட்டர்ஸில் குழாயடிக்குப் போனால், "இன்னும் போகலியா?" என்று கேட்டார்கள். தாபோடியிலிருந்து ரவியின் அம்மா மே மாதம் வந்தார். காந்திமதி கொடுத்த காபியைத் தொடவில்லை.

"ஆடிக்குன்னு கூட்டிட்டுப் போனீங்க. அப்படியே உங்க கூடவே வச்சுக்குங்க. அங்க என் பையன் தனியா சமைச்சுத் தின்னுட்டு இருக்கான். ஜூலைக்குள்ள ஒரு முடிவு தெரியலன்னா நாங்க வேற வழி பாக்க வேண்டியதுதான்."

இதை என்னிடம் சொன்னவர் பழனிவேல். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆபீசுக்கு வந்து, சீட்டுகளை எண்ணிப் பார்ப்பார். ஸ்டோர்கீப்பர் பழக்கம். அன்று எண்ணவில்லை. "அந்தம்மா சொன்னதுல என்ன தப்பு மேடம்? கூட்டிட்டு வந்தது நாந்தானே," என்றார்.

சேது சாரின் ஆபீசில் அதற்குப் பின்னும் ஐந்து வருடம் இருந்தேன். அந்தக் கேஸுக்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தேன். பட்டியலில் அறுபத்து மூன்றாவது கேள்வியைச் சேர்த்தேன்: கல்யாணத்துக்குப் பின் ஒவ்வொரு நாளும் எங்கே இருந்தீர்கள், தேதி வாரியாக. இரண்டாவது, எந்த ஃபேமிலி கேஸ் வந்தாலும் முதல் அரை மணி நேரம் பெண்ணோடு தனியாகப் பேசுவேன். அப்பா, அம்மா, மாமியார், சேது சார் உட்பட எல்லோரும் கதவுக்கு வெளியே. "என் ஆபீஸ்ல நானே வெளிய நிக்கணுமா?" என்று சார் முணுமுணுப்பார். நின்றார். வீட்டுக்குச் சொல்லும் பதிலும் ஆபீசருக்குச் சொல்லும் பதிலும் வேறாக இருந்தால், இன்டர்வியூவுக்கு முன்பே அது என் மேஜைக்கு வந்துவிட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

செல்வியின் பாஸ்போர்ட் ஜூலை பன்னிரண்டாம் தேதி கூரியரில் வந்தது. உள்ளே விசா. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. கடக்வாஸ்லா போட்டோவைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இரண்டு முகங்களுக்கும் நடுவே ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது.

விமான டிக்கெட்டைப் பழனிவேலே போய் எடுத்து வந்தார். பயணத் தேதி ஆடி மூன்று.