விரலில் இருந்த சாவி

ஜெயசீலி அக்கா போட்ட பூட்டை உடைக்க ராணுவமே வந்திருந்தாலும், தாம்பரம் ஸ்டேஷனில் டீ குடித்துவிட்டு அப்படியே திரும்பிப் போயிருக்கும். வண்டலூர்ப் புலிகூட அந்தப் பக்கம் மோந்து பார்க்காது.

பூட்டியது என்னவோ மேற்குத் தாம்பரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சாம்பசிவன் சாரின் கடையைத்தான். போன வருஷம் வரை அங்கே விண்டோஸ் 95 ஓடும் நாலு கம்ப்யூட்டர்கள், நாலுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு. ஆபரேட்டர் குப்பன் தன்னுடையதைச் சொல்லாமல் சபரிமலைக்குப் போய்விட, ஒரு பத்திரிகை முகூர்த்தம் முடிந்த பிறகுதான் அச்சாகி வந்தது. அதற்கப்புறம் சார் கேட்டார்: ஆளுக்கொரு பூட்டே இருக்கட்டுமா, இல்லை எல்லா வேலையையும் ஒரு சர்வரில் போட்டு ஒரே பூட்டா? ஒன்றே போதும் என்றாள், அங்கே டைப் அடிக்கும் அக்கா. சொன்னவள் தலையிலேயே சாவி விழுந்தது.

தலையில் என்பதும் தப்பு, விரலில். அக்கா படித்தது தமிழ் டைப்ரைட்டிங் மட்டும். இங்கிலீஷ் கீபோர்டில், தமிழுக்கு விரல் போகிற இடங்களில் அம்மாவின் பெயரைத் தட்டினாள்: தனம். திரையில் வெறும் நட்சத்திரங்கள். எந்த இங்கிலீஷ் எழுத்து விழுந்தது என்று அவளுக்கே தெரியாது. என்ன பெயர் என்று யாரிடமும் சொன்னதும் இல்லை.

குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கட்டைப் பிரிக்கும்போது முதலில் உன் மூஞ்சிதான் தெரியணும் என்று தனம் சத்தியம் வாங்கியிருந்தாள். நர்ஸ் கத்தரிக்கோலை எடுக்கிற நேரம், கவுண்டரில் அக்காவுக்கு போன். கரண்ட் போய் வந்ததில் சர்வர் பாஸ்வேர்டு கேட்கிறதாம். கடை வாசலில் மாப்பிள்ளை வீட்டார் நிற்கிறார்களாம்.

"வலது கை ஆள்காட்டி விரல் சார், அப்புறம் இடது கை நடுவிரல்..."

"விரல் எதுக்கும்மா? எந்த எழுத்து, அத்தச் சொல்லு."

கவுண்டர் பலகைமேல் தட்டிப் பார்த்தாள். விரல் ஓடியது, வாய்க்கு வரவில்லை. கடையில் தமிழ் டைப் தெரிந்தவர் வேறு யாருமில்லை என்று நினைத்தாள். அம்மா இருந்த அறைக்கதவை ஒருதரம் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

கடையில் கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. திரும்பி வந்தபோது அம்மா கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள்.

"நர்ஸம்மா நல்லா லட்சணமா இருக்கா" என்று மட்டும் சொல்லி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதை எழுதியவன் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் பேப்பர் வெட்டுகிறவன். டைப்ரைட்டிங் கிளாஸில் மெஷினுக்குப் பசை தடவி, பாதியில் விரட்டப்பட்டவன். எழுதியதைப் படித்துக் காட்டினான். புலி வந்த இடத்தில்கூட அக்கா சிரிக்கவில்லை.

"பாஸ்வேர்டு தனம்னு உனக்கு எப்படிடா தெரியும்?" என்றாள். அப்புறம், மெதுவாக, "அன்னிக்கே தெரியுமா?"