அட்டவணையில் ஐந்தாவது வரி

கல்முனை அச்சகம் ஒன்றில் கலியாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் தட்டிக்கொண்டிருந்த ஸாலிஹாவுக்கும் புள்ளிவிபரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சுனாமிக்குப் பிறகு ஊருக்குள் வந்து இறங்கிய தொண்டு நிறுவனங்களில் ஒன்று, வீடு வீடாக எடுத்த விபரங்களைக் கணினியில் ஏற்ற ஆள் தேடியது. தமிழில் வேகமாகத் தட்டத் தெரிந்தால் போதும் என்றார்கள். அவள் போனாள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்ற நிலை.

கடல் பொங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கச் சாய்ந்தமருதுக் கடற்கரைக்குப் போன அவள் கணவன் பஸால் திரும்பி வரவில்லை. அடக்க ஒரு ஜனாஸாவும் கிடைக்கவில்லை. பெயர் தெரியாமல் அவசரமாக அடக்கியவர்களோடு அவரும் போயிருக்கலாம் என்றார்கள். போயிருக்கலாம் என்பதை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வது? பிள்ளையும் இல்லை. பஸாலின் உம்மா றாஹிலா, தன் வீடும் கடலோடு போனதால், மருமகளின் தகரக் கொட்டிலுக்கே வந்து சேர்ந்தாள்.

வந்த புதிதில் மாமி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். புருஷன் மவுத்தானால், செத்துப்போனால், பெண் இத்தா இருக்கவேண்டும். நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முகம் பாராமல் வீட்டோடு இருக்கவேண்டும். ஸாலிஹாவின் பதிலும் ஒன்றுதான்.

“மவுத்தெண்டு ஆர் கண்ட மாமி?”

பிறகு மாமி அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். ஊர் விடவில்லை. இத்தா இருக்காமல் கொம்பியூட்டர் தட்டப் போகிறாள் என்றார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? விதவைகளுக்குக் கூட்டம் வைத்தால் ஸாலிஹாவுக்குச் சொல்லி அனுப்பமாட்டார்கள். கலியாண வீட்டில் புருஷன்மார் உள்ள பெண்கள் சேர்ந்திருந்து சிரிக்கும் இடத்தில் இவள் போய் இருந்தால் பேச்சு நின்றுபோகும். இரண்டு பக்கமும் இடமில்லாத தனிமை அது.

வேலையை மட்டும் அவள் பிடித்துக்கொண்டாள். விபரங்களை ஏற்றுவாள், புள்ளிவிபர மென்பொருளில் சுருக்க அட்டவணை எடுப்பாள், அதை வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றிக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவாள். அந்த மென்பொருளைக் கொழும்பிலிருந்து வந்து யாரோ ஒருநாள் அவசரமாகக் காட்டிவிட்டுப் போனார்கள். மீதியை அவளே தட்டித் தடவிப் பிடித்தாள்.

குடும்பத் தலைவியின் நிலை என்ற கேள்விக்குக் கொழும்பு ஆங்கிலத்தில் நாலு பதில் கொடுத்திருந்தது: மணமானவர், மணமாகாதவர், விவாகரத்தானவர், விதவை. பல படிவங்களிலோ, நாலில் எதையும் குறிக்காமல், பக்கத்தில் ‘கணவர் காணாமல் போனவர்’ என்று பேனையால் எழுதி வந்திருந்தது. அவளுடைய படிவத்திலும் அப்படித்தான். இவற்றை வெறுமையாக விட்டால் மென்பொருள் ‘மிஸ்ஸிங்’ என்று எடுத்துக்கொள்ளும். அதன் பாஷையில் அதற்குப் பதில் இல்லாத கட்டம் என்று அர்த்தம். தொகையை அடியில் ஒரு மூலையில் போட்டுவிட்டு, வீதம் பார்க்கும்போது அவர்களைச் சேர்க்காமலே கணக்கை முடிக்கும். ஸாலிஹாவுக்குக் கோபம் வந்தது. ஆள்தான் இல்லை, கணக்கிலுமா இல்லாமல் போகவேண்டும்? ஐந்தாவதாக ஒரு பதிலைச் சேர்த்து, ‘காணாமல் போனவர்’ என்று அதன் பெயரைத் தமிழில் தட்டினாள்.

அவள் தட்டியது பாமினி எழுத்துரு. அதில் ஆங்கில எஃப், எச் தட்டினால் திரையில் ‘கா’ விழும். இசட், எச் தட்டினால் ‘ணா’. வெறும் எழுத்துக் கோப்பில் எழுத்துரு ஏது? தட்டிய ஆங்கில எழுத்துத்தான் மிஞ்சும். ஆங்கிலத்தில் இருந்த நாலு வரியும் ஒழுங்காக நிற்க, ஐந்தாவது வரி அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. அது என்ன என்று கேட்டு எழுதினார்கள். எழுத்துருப் பிழை, திருத்தப் பார்க்கிறேன் என்று பதில் போட்டாள். திருத்தவில்லை. அடுத்த முறையும் கேட்டார்கள், அடுத்த முறையும் அதே பதில். பிறகு கேட்பதை விட்டார்கள். கல்முனை அட்டவணை என்றால் ஒரு வரி அப்படித்தான் இருக்கும் என்று பழகிப்போனார்கள். அலுவலக மாடி அறையில் தனியே இருந்து, அந்த எழுத்துக் குப்பையை அவள் மட்டும் கூழாங்கல்லில் நடந்து பழகியவள்போலத் தடக்காமல் வாசிப்பாள்.

யுத்தம் முடிந்த வருடம் நன்கொடைக்காரர்களின் பார்வை வன்னிப் பக்கம் திரும்பியது. கல்முனை அலுவலகத்தை மூடப்போவதாகச் சொன்னார்கள். கடைசி அறிக்கைக்கு அட்டவணை போய்ச் சேர்ந்த மறுநாள், கொழும்பிலிருந்து நிலாந்தினி தொலைபேசி எடுத்தாள். அறிக்கை எழுதும் வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளை அவள்.

“அக்கா, அது எழுத்துருப் பிழை இல்லைத்தானே? நான் அந்த வரியைப் பாமினிக்கு மாத்தி வாசிச்சுப் பார்த்தன்.”

இத்தனை காலத்தில் அதை வாசித்த முதல் ஆள்.

“ஓம் தங்கச்சி,” என்றாள். “அதுக்குள்ள நானும் இரிக்கன்.”

பிறகு நிலாந்தினி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். மற்ற மாவட்டங்கள் எல்லாம் நாலு வரிதான். ஐந்தாவதை அச்சில் விடமாட்டார்கள். தான் கேட்டுப் பார்த்ததாகவும், முடியவில்லை என்றும் சொன்னாள். விதவையோடு சேர்த்துவிடலாம், இல்லாவிட்டால் மிஸ்ஸிங் என்று விட்டுவிடலாம். எது என்று அக்காவே முடிவெடுக்கட்டும் என்றாள்.

நல்ல பிள்ளை. ஆனால் அவள் ஸாலிஹாவின் கையில் கொடுத்தது கத்தியை.

மற்றப் பெண்களுக்காகவும் ஸாலிஹா யோசித்தாள். மிஸ்ஸிங் என்று விட்டால் ஒருவரும் அறிக்கையில் இருக்கமாட்டார்கள். அவர்களுக்கு எந்த உதவியும் வந்து சேராது. விதவை என்றால் இருப்பார்கள், ஆனால் அவரவர் புருஷனை இவள் விரலால் மவுத்தாக்கவேண்டும். கலியாண வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் காதியார் முன்பே சொல்லியிருந்தார், காணாமல் போனவருக்காக நாலு வருடம் பார்த்திருந்துவிட்டு மனைவி இத்தா இருக்கலாம் என்று. அந்த நாலு வருடமும் கழிந்திருந்தது. அவள்தான் கழியவில்லை என்று நடந்துகொண்டிருந்தாள்.

பகல் சாப்பாட்டைத் தொடாமல் இருந்தாள். பின்னேரம் அஸர் பாங்கு சொன்ன பிறகு ஐந்தாவதை நாலாவதான விதவையோடு சேர்த்தாள். அட்டவணையைத் திரும்ப எடுத்துக் கோப்பாக மாற்றித் திறந்து பார்த்தாள். நாலு வரி. ஒரு குப்பையும் இல்லை. அனுப்பிவிட்டு, அங்கேயே மேசையில் தலை வைத்து அழுதாள்.

வீட்டுக்குப் போனபோது மாமி வாசலில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தாள். ஸாலிஹா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மாமி, நான் நாளையிலிருந்து இத்தா இரிக்கப் போறன்.”

மாமி சந்தோஷப்படுவாள், அல்லது இப்போதாவது புத்தி வந்ததே என்பாள் என்றுதான் எதிர்பார்த்தாள். சுளகு மாமியின் மடியில் சரிந்து அரிசி கொட்டியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. இவ்வளவு காலமும் இவளுடைய பிடிவாதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனுஷியும் உயிரோடு இருந்திருக்கிறாள் என்பது ஸாலிஹாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

“அப்ப,” என்றாள் மாமி, “என்ட மகன் மவுத்தாப் போயித்தானா மனே?”

“ஓம் மாமி,” என்றாள் ஸாலிஹா.