எண்ணூரில் இறங்காத கோல்கீப்பர்

கோவையிலிருந்து கிளம்பிய இரவு ரயில் காலை ஐந்தே காலுக்குச் சென்னை சென்ட்ரலில் வந்து நின்றது. ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர், கண் மூடவில்லை. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டுகிறேன். பதினோரு வருடமாக அங்கேதான் குடித்தனம். பிறந்து வளர்ந்தது ராயபுரம். சொந்தக்காரர் கல்யாணங்களுக்கு வராவிட்டாலும் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது என் டீமின் மேட்சுக்கு வந்துவிடுவேன். என் மனைவிக்கு இதில் இருக்கும் கோபம் நியாயமானது.

டீமின் பெயர் நங்கூரம் ஃபுட்பால் கிளப். நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. லீக்கில் மூன்றாம் டிவிஷன், அதிலும் கடைசிக்கு ஒரு இடம் மேலே. அன்றைக்குக் கடைசி மேட்ச். டிரா செய்தால்கூடத் தப்பித்துவிடலாம், தோற்றால் நான்காம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். இருபது வருடத்தில் நாங்கள் அவ்வளவு கீழே போனதில்லை.

சென்ட்ரல் வாசலில் ஆட்டோ பிடித்தேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகம், ஐந்து கிலோமீட்டர் சொச்சம், நூற்று ஐம்பது ரூபாய்.

"மீன் வாங்கவா சார்?" என்றார் டிரைவர்.

"இல்லண்ணா. எங்க டீம் கோல்கீப்பர கூட்டிகினு போவணும். போட்ல வர்றான்."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார். "போட்லருந்து எறங்கி நேரா மேட்சா? வெளங்கிடும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

எங்கள் டீமின் நிலையை இங்கே சொல்லியாக வேண்டும். பதினோரு பேரில் ஆறு பேருக்கு விசைப்படகில் வேலை. ஏப்ரல் நடுவில் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் அறுபத்தொரு நாள். அந்த நாட்களில் எல்லாரும் கரையில் இருப்பார்கள், டீம் முழுசாக நிற்கும், ஜெயிப்போம். ஜூன் பாதியில் தடை முடிந்து படகுகள் போனால் டீமும் போய்விடும். அப்புறம் யார் கரையில் இருக்கிறார்களோ அவர்களை வைத்து ஒப்பேற்றுவோம், தோற்போம். மற்ற டீம்களின் ரசிகர்கள் புள்ளிப் பட்டியலைப் பார்ப்பார்கள். நாங்கள் எந்தப் போட் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருப்போம். பழகிய மைதானமும் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கும் இடமாகிவிட்டது. எங்கள் ரசிகர்களின் வாட்ஸப் குழுவில் நாற்பத்தொரு பேர் இருக்கிறோம். அதில் அதிகம் வசை பாடுகிறவன் நான்தான். ஒவ்வொரு தோல்விக்கும் கோவையிலிருந்து மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜ் போடுவேன். மைதானத்தில் ஓடாதவனுக்கு மூச்சு நிறைய இருக்கும்.

காலை ஐந்து ஐம்பது. காசிமேட்டில் ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது. தண்ணீரும் ஐஸும் காலடியில் ஓட, கூடையோடு நின்ற பெண்கள் ஏலக்காரரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ பன்னிரண்டு ரூபாய். முந்தைய நாள் சாயங்காலம் வர வேண்டிய போட் இன்னும் வரவில்லை. மேட்ச் ஒன்பதரைக்கு, ஊருக்கு வடக்கே வள்ளூரில்.

ஆறே முக்காலுக்குப் போட் வந்தது. மேல்தட்டில் கயிற்றோடு நின்றான் தேசப்பன், எங்கள் கோல்கீப்பர். இருபத்தாறு வயது, நல்ல உயரம், பெரிய கைகள். பெனால்டியில் அவன் எதிரே நிற்பவனுக்குக் கோல் சின்னதாகத் தெரியும் என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம். எட்டு நாள் கடலில் இருந்துவிட்டு வருகிறான். உதடு வெடித்திருந்தது.

"இன்னா அண்ணாத்த, நீ வந்துகீற?"

"மேட்ச்சுடா. மறந்துட்டியா?"

"மறக்கல. காதர் பாய் நிப்பாருன்னு நெனச்சேன்."

காதர் பாய் எங்கள் மாற்று கோல்கீப்பர். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறார், வயது நாற்பத்து மூன்று. குனிந்து பந்தை எடுக்க அவர் யோசிக்கும் நேரத்தில் எதிரணி இரண்டு கோல் போடும் என்று குழுவில் நான் ஒரு முறை சொல்லியிருக்கிறேன். டீமில் அவரும் தேசப்பனும் மட்டும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். அவர் அதைக் கேட்டிருப்பார்.

போட் டிரைவரிடம் நானே போய்ப் பேசினேன். அவர் முகத்தைக் கூடக் கழுவியிருக்கவில்லை. "மீன எறக்கி குடுத்துட்டு இட்டுகினு போ. நாளைக்கு விடிய மூணு மணிக்கு இங்க நிக்கணும். ஐஸ் ஏத்திகினு மறுபடியும் கெளம்புறோம்" என்றார். அப்படியென்றால் தேசப்பனுக்குக் கரையில் கிடைத்தது அந்த ஒரு நாள்தான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மேட்சுக்கு நேரம் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

ஏழு ஐம்பதுக்கு வேலை முடிந்தது. ராயபுரம் ஸ்டேஷனுக்கு ஆட்டோ, அறுபது ரூபாய். அங்கிருந்து வள்ளூருக்குப் பக்கத்து ஸ்டேஷனான அத்திப்பட்டு புதுநகருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். பதினெட்டு கிலோமீட்டருக்கு இதைவிட மலிவாக இந்த ஊரில் எதுவும் கிடைக்காது. பிளாட்பாரத்தில் தேசப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். தலை சுற்றுகிறதா என்று கேட்டேன்.

"நெலம் ஆடுது அண்ணாத்த. எட்டு நாள் கழிச்சு எறங்குனா அப்புடித்தான். காலு இன்னும் போட்லயே கீது. ஒரு தூக்கம் போட்டா செரியாயிடும்." பிறகு மெதுவாகச் சொன்னான்: "இன்னிக்கு பாயே நிக்கட்டுமே."

"டேய், டிரா பண்ணா போதும்டா. பாய் நின்னா நாலு கோல் வாங்குவோம். நாஸ்டா துன்னா சரியாயிடும்."

நான்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டான். மறுத்துப் பேசத் தெரியாதவன்.

எட்டு பதினைந்துக்கு வண்டி வந்தது. ஞாயிறு என்பதால் உட்கார இடம் கிடைத்தது. கொருக்குப்பேட்டை தாண்டியதும் எண்ணெய்த் தொட்டிகளும் கன்டெய்னர் வரிசைகளும் வந்தன. திருவொற்றியூரில் மீன் கூடைகளோடு நான்கைந்து பெண்கள் ஏறி, வாசல் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். விம்கோ நகர் போனதும் தேசப்பன் எழுந்து கதவருகே நின்றான். அவன் வீடு எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில். மனைவியும் ஐந்து மாதக் குழந்தையும் அங்கே.

"கொழந்த கவுந்து படுக்குதாம் அண்ணாத்த. கரை கிட்ட வரசொல்ல போன்ல சொன்னா. நான் இன்னும் பாக்கல."

"மேட்ச் முடிஞ்சதும் நேரா போயிடு."

"எண்ணூர்ல எறங்கி ஒரு எட்டு பாத்துட்டு அடுத்த வண்டில வந்துர்றேன். பாதிலயாவது எறங்கி நிக்கிறேன்."

"அடுத்த வண்டி எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? சும்மா இரு" என்றேன்.

கத்திவாக்கம் வந்தது, எண்ணூர் வந்தது. ஒரு நிமிடம் நின்றது வண்டி. அவன் பை என் மடியில் இருந்தது. அதை நான் கொடுக்கவில்லை. அவன் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். வண்டி நகர்ந்து கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் வந்து உட்கார்ந்தான். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எட்டு ஐம்பத்தைந்து. அத்திப்பட்டு புதுநகரிலிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய், மூன்று கிலோமீட்டர் இருக்கும். வள்ளூர் மைதானத்துக்கு எல்லை என்று எதுவும் இல்லை. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் ஒரு பக்கம், மின்கம்பிகள் மறுபக்கம். தரையில் புல் கிடையாது. சாம்பல் கலந்த மண் காய்ந்து இறுகிப்போயிருந்தது. எங்கள் ரசிகர்கள் பதினாறு பேர் வந்திருந்தார்கள். காதர் பாய் கையுறை மாட்டிக்கொண்டு இங்குமங்கும் நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். தேசப்பனைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார்.

எங்கள் பயிற்சியாளர் பால்ராஜ் மாஸ்டர், வியாசர்பாடிக்காரர், ஆளை ஒரு பார்வையில் எடைபோடுகிறவர். "தேசி, இன்னாடா மூஞ்சி இப்டி கீது? நிக்க முடியுமா?"

தேசப்பன் வாயைத் திறந்தான். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "நிப்பான் மாஸ்டர். நான் பாத்துகினுதானே வர்றேன்."

ஒன்பது நாற்பதுக்கு ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் இரண்டு நல்ல ஷாட்களைத் தடுத்தான். ஒன்றில் பாய்ந்து விழுந்து, விரல் நுனியால் தட்டிவிட்டான். "பாத்தியா மாமு" என்று பக்கத்தில் இருந்தவரை இடித்தேன். இடைவேளையில் அவன் தண்ணீர் குடிக்கவில்லை. கம்பத்தில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். இரண்டாம் பாதி முழுக்கப் பந்து எங்கள் பக்கமே கிடந்தது. கோல் விழவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் தாங்கினால் போதும்.

எதிரணிப் பையன் ஒருவன் தூரத்திலிருந்து உயரமாக ஒரு பந்தைத் தூக்கி அனுப்பினான். ஆபத்தே இல்லாத பந்து. தேசப்பன் எம்பி, தலைக்கு மேலே இரண்டு கையாலும் சுத்தமாகப் பிடித்தான். நாங்கள் கைதட்டத் தொடங்கிவிட்டோம். தரையில் கால் பட்டதும் அவன் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. போட்டின் முன்பக்கம் அலையில் எழும்பும்போது தட்டில் நிற்பவன் விழாமலிருக்க எப்படிப் பின்வாங்குவானோ, அப்படியே பின்னால் ஒரு அடி வைத்தான். இன்னொரு அடி. மூன்றாவது அடியில் கோட்டைத் தாண்டி வலைக்குள் நின்றான், பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு. அவனை யாரும் தொடவே இல்லை. நடுவர் விசில் ஊதியது சரிதான்.

ஒன்றுக்குப் பூஜ்யம். நான்காம் டிவிஷன்.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் பதினாறு பேரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். சுண்ணாம்பு இருப்பது கோல்கோட்டிலா இல்லை உன் கண்ணிலா என்று ஒருவர் கேட்டார். இன்னும் மோசமாகவும் கேட்டார்கள். வழக்கமாக அந்தக் கூட்டத்தில் முதல் குரல் என்னுடையதாக இருக்கும்.

மாஸ்டர் அவர்களை விலக்கிவிட்டு அவனிடம் வந்தார். "இன்னாடா ஆச்சு?"

தேசப்பன் என்னைப் பார்க்கவில்லை. "வெயிலு மாஸ்டர். கண்ணு கூசிச்சு" என்றான்.

சூரியன் அவன் முதுகுப் பக்கம் இருந்தது. மாஸ்டருக்கும் அது தெரியும். அவர் அவன் தோளைத் தட்டிவிட்டு வலையை அவிழ்க்கப் போனார். அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காதர் பாய் மட்டும் தன் தண்ணீர் பாட்டிலை அவனிடம் நீட்டினார்.

பன்னிரண்டு பத்து வண்டியில் இருவரும் திரும்பினோம். அத்திப்பட்டு புதுநகருக்கும் எண்ணூருக்கும் ஒரே ஸ்டேஷன் தூரம். அவன் பையை இந்த முறை அவனே வைத்திருந்தான்.

"ஏன்டா வெயிலுன்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"வுடு அண்ணாத்த. அவ்ளோ தூரத்துலருந்து வர்ற நீ."

எண்ணூரில் இறங்கினான். பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் லேசாகத் தள்ளாடி நின்று, பிறகு நடந்தான். படிக்கட்டு வரை அவன் தெரிந்தான். எனக்கு அழுகை வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிற்பகல் ரயிலில் கோவை திரும்பினேன். வழி முழுக்க வாட்ஸப் குழுவில் தேசப்பனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம், ஒவ்வொரு ஊரிலும் எழுதத் தொடங்கி அழித்தேன். திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து லேத்தை நிறுத்தியதும்தான் எழுத முடிந்தது: 'நிலம் ஆடுது, இன்னிக்கு பாய் நிக்கட்டும்னு தேசி என்கிட்ட சொன்னான். குழந்தையப் பாக்க எண்ணூர்ல இறங்குறேன்னும் சொன்னான். நான்தான் விடல. தோத்தது என்னாலதான்.'

காதர் பாய் மட்டும், 'நீயே சொன்னது நல்லது தம்பி' என்று போட்டார்.

குழுவில் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டாவது டிக் வரும். என் செய்திக்கு மூன்று நாளாக ஒற்றை டிக்தான். நாற்பது பேர் கரையில் இருக்கிறோம். சிக்னல் இல்லாத இடத்தில் ஒருவன் வலை இழுத்துக்கொண்டிருக்கிறான். போட் திரும்ப இன்னும் ஐந்து நாள் ஆகும். அன்றைக்கு மேட்ச் எதுவும் இல்லை. அவன் நேராக எண்ணூரில் இறங்கலாம்.