கண்ணாடியில் உறைந்த பால்தேநீர்

பனி வெள்ளை என்று எழுதுகிறவர்கள் இந்தக் குளிர்நாட்டின் மல்வேர்னில் ஒரு மாசி மாதம் பஸ்ஸுக்குக் காத்து நின்றிருக்க மாட்டார்கள். வீதியோரத்தில் அது சாம்பல் நிறம். உப்பு, கரி, நாய் மூத்திரம். சப்பாத்துக்குள் புகும், சேலைக்கரையில் ஏறும், காய்ந்தபின் தேமலாக நிற்கும். தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு அதைக் கண்டாலே குமட்டும். வயிற்றில் பிள்ளை ஏழு மாதம். ஆனால் குமட்டலுக்குப் பிள்ளை மட்டும் காரணமல்ல.

தூரத்துப் பிறம்ரனில், பெரியபிள்ளையான ஒருத்திக்குச் சாமத்தியவீடு. எங்களிடம் கார் இல்லை. கணவரின் ஊர்க்காரர் ஒருவர் ஏற்றிப்போக வந்தார். எங்கள் இருவருக்கும் அவர் அண்ணை. பிள்ளைப்பேற்றுக்கும் அவரே ஏற்றிப்போவதாகப் பேச்சு. ஆகவே அவருடைய காரில் வாய் திறக்கக்கூடாது. ஏற்றிப்போகிறவரிடம் மெதுவாக ஓட்டச் சொல்வது, எங்கள் சனத்துக்குள், சோறு போட்டவளிடம் கறி ஊசிவிட்டது என்று சொல்வதைவிடப் பெரிய குற்றம்.

முன்கண்ணாடி முழுக்க ஐஸ். அண்ணை ஒரு பாட்டுக் கசெற்றின் கூட்டால் சுரண்டி, சாப்பாட்டுத் தட்டளவில் ஓட்டை ஒன்று திறந்தார்.

"ஓடுற எனக்கு றோட்டுத் தெரிஞ்சாப் போதும். உங்களுக்கென்ன, வெளியில விடுப்புப் பாக்கவோ?"

கணவர் சிரித்தார். இரவல் சிரிப்பு. பின் ஆசனத்தில் இருந்து, முன்னால் இருந்த கணவரின் பிடரியைப் பார்க்கவே எனக்கு அருவருத்தது.

401 நெடுஞ்சாலையில் ஏறியதும் பக்கத்தில் ஒரு பெரிய ட்ரக் முந்திப் போனது. போகிற போக்கில் வீதியின் அழுக்குக் கஞ்சி முழுவதையும் எங்கள் கண்ணாடியில் வாரி அடித்தது. தட்டளவு உலகமும் போயிற்று. அண்ணை கண்ணாடி கழுவும் பொத்தானை அமத்தினார். ஒன்றும் வரவில்லை. திரும்ப அமத்தினார். வைப்பர்கள் உப்பை இழுத்துப் பூசின.

"அண்ணை, அதுக்குள்ள உறையாத நீலத்தண்ணி விடேல்லையோ?" கணவர் கேட்டார்.

"உந்த நீலத்தண்ணியெல்லாம் வெள்ளையனை ஏமாத்துற சாமான். நான் பைப்தண்ணிதான் விட்டனான்."

பைப்தண்ணி உறைந்து கல்லாகிக் கிடந்தது. கார் மட்டும் வேகம் குறையாமல் ஓடியது.

"தம்பி, பிளாஸ்க்கில தேத்தண்ணி இருக்கெல்லே? யன்னலைத் திறந்து கண்ணாடியில ஊத்தும்!"

எனக்கென்று போட்டுவந்த தேநீர். பாலும் சீனியும் தாராளமாக. கணவர் கை நீட்டி ஊற்றினார். பாதி காற்றில் திரும்பி அவர் முகத்திலேயே விழுந்தது. மீதியை வைப்பர் இழுத்தது. இழுத்த இடத்திலேயே அது உறைந்தது. மண்ணிறமாய், ஆடை பிடித்து, புண்ணின் பொருக்கைப் போல. காருக்குள் ஏலக்காய் வாசம். எதிரே ஒன்றுமில்லை.

"நிப்பாட்டுங்கோ!" என்றேன்.

"சும்மா இரும், அண்ணை கோவிப்பார்," என்றார் கணவர், தாடையில் தேநீர் வடிய.

"கோவிக்கட்டும். அண்ணை, இப்ப நிப்பாட்டாட்டி நான் கதவைத் திறப்பன்."

திறந்திருக்க மாட்டேன். ஆனால் அவர் நம்பினார். பக்கக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, ஆமை போல ஊர்ந்து அடுத்த வெளிவழியில் இறங்கிப் பெற்றோல் செட்டில் நிறுத்தினார். மீசையெல்லாம் ஐஸ். நான் இறங்கினேன். திரும்ப ஏறமாட்டேன் என்றேன்.

"பெறப்போகேக்க ஆரைக் கூப்பிடுவியள், தங்கச்சி?"

"டாக்ஸியை."

அவர் என்னோடு பேசிய கடைசிச் சொல் அந்தத் 'தங்கச்சி'தான். கசெற்றுக் கூட்டை எடுத்தார். பால் ஆடையில் மறுபடியும் தட்டளவு சுரண்டினார். அதற்குள் கண்ணை வைத்துக்கொண்டு தனியே போனார்.

கணவர் என்னருகில் நின்றார். சேலைக்கரை சேற்றைக் குடித்துக்கொண்டிருந்தது.

"பாவம், அந்த மனுசனுக்கு அவமானமாப் போச்சு," என்றார். பிறகு பிளாஸ்க்கைக் குலுக்கிப் பார்த்தார். "கொஞ்சம் மிச்சம் கிடக்கு. குடிக்கிறீரா?"

வாங்கி, அந்தச் சாம்பல் சேற்றிலேயே கவிழ்த்துவிட்டு, டாக்ஸிக்குப் போன் செய்ய உள்ளே போனேன்.